மணிக்கட்டு ஃபிஸ்டுலாவுக்குக் கையை எந்த இடத்தில் மரக்கச் செய்வது? மேற்கை நரம்புகளின் மாறுபாடுகளை வைத்து ஓர் ஒப்பீடு

டயாலிசிஸ் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்கு மணிக்கட்டில் ஃபிஸ்டுலா என்னும் தமனி-சிரை இணைப்பை அமைக்கும்போது கத்தி படும் தோல் சில சென்டிமீட்டர் நீளம்தான். கட்டைவிரல் பக்கமாக ரேடியல் தமனியும் செஃபாலிக் சிரையும் அருகருகே ஓடும் இடத்தில் சிரையைத் தமனியோடு இணைத்துத் தைத்துவிட்டால், தமனியின் அழுத்தம் சிரைக்குள் பாய்ந்து, சில வாரங்களில் அது பருத்து, வாரத்துக்கு மூன்று முறை ஊசி ஏற்கும் வலுவைப் பெறுகிறது. நியூயார்க்கில் ப்ரெஸ்சியாவும் சிமினோவும் அவர்களோடு பணியாற்றியோரும் 1966-இல் வெளியிட்ட முறை இது. அறுவை சிறியது. ஆனால் அந்தச் சிறு தோல்பரப்புக்கு உணர்வு தரும் நரம்போ, அக்குளிலிருந்து முழங்கை வரையிலான தன் வழியில் ஆளுக்கு ஆள் மாறிச் செல்வது. விரல்களெல்லாம் மரத்துக் கிடக்கும்போது வெட்டவேண்டிய இடம் மட்டும் விழித்திருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நான் மயக்கவியல் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு முதியவருக்கு அக்குளில் பிளாக் (நரம்புகளைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தும் ஊசி) போட்டுவிட்டு, அறுவை தொடங்குமுன் ஊசிமுனையால் தொட்டுச் சோதித்தேன். “சார், விரல் எல்லாம் கட்டையாட்டம் இருக்கு, நீங்க இப்போ குத்துற இடம் மட்டும் நல்லாத் தெரியுது” என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. மூன்று நரம்புகளைச் சரியாகப் பிடித்துவிட்டு, நான்காவதைப் பாடநூல் காட்டிய தசைக்குள் தேடி, அங்கே தென்படாதபோதும் ‘இங்கேதான் இருக்கும்’ என்ற எண்ணத்தில் மருந்தைச் செலுத்தியவன் நான். நரம்போ அந்தத் தசையைத் துளைக்காமல், அதன் முன்புறமாக, மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸுக்கு அடியில் ஒதுங்கிப் போயிருந்தது. இந்த ஒப்பீட்டை எழுதத் தூண்டியது அந்த நாள்தான்.

நம் முன் இருக்கும் கேள்வி இது: மணிக்கட்டு ஃபிஸ்டுலாவுக்குக் கையை எந்த இடத்தில் மரக்கச் செய்வது? அறுவை மருத்துவரே வெட்டும் இடத்தில் மரப்பு மருந்தைப் போட்டுக்கொள்ளலாம், காறையெலும்புக்கு மேலே சூப்பராகிளாவிக்குலர் பிளாக் கொடுக்கலாம், அதற்குக் கீழே இன்ஃப்ராகிளாவிக்குலர் பிளாக் கொடுக்கலாம், அக்குளிலும் கொடுக்கலாம். முழு மயக்கம் கொடுப்பதும் ஒரு வழிதான் என்றாலும், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இதயநோயும் உயர்ந்த பொட்டாசியமும் சேர்ந்திருப்பது வழக்கமாதலால், வேறு வழியில்லாதபோதுதான் அதை நாட வேண்டும் என்பது என் நிலைப்பாடு; இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நரம்புகளின் வழியைப் பார்ப்போம். கழுத்தின் ஐந்தாம் நரம்பு தொடங்கி மார்பின் முதல் நரம்பு ஈறாக ஐந்து வேர்கள் கூடி மூன்று தண்டுகளாகின்றன. அவை காறையெலும்புக்குப் பின்னே ஆறு பிரிவுகளாகப் பிளந்து, அதற்குக் கீழே அக்குள் தமனியைச் சூழ்ந்து மூன்று நாண்களாகச் சேர்ந்து, அக்குளில் மீடியன், அல்நர், ரேடியல், மஸ்குலோகியூட்டேனியஸ் எனத் தனித்தனி நரம்புகளாகப் பிரிகின்றன. இந்த அமைப்பு முழுவதும் நரம்புப் பின்னல் எனப்படும். காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கழுத்தை ஒட்டிய பகுதி தலைமதகு, அக்குள் என்பது வாய்க்கால்கள் பிரிந்துவிட்ட இடம், மணிக்கட்டு கடைமடை. தலைமதகை அடைத்துவிட்டால், கீழே வாய்க்கால்கள் எப்படிப் பிரிந்தாலும் எந்த வயலுக்கும் நீர் போகாது. வாய்க்கால் பிரிந்த பிறகு அடைக்கப் போனால், ஒவ்வொரு வாய்க்காலும் எங்கே ஓடுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அப்படியானால் தலைமதகையே அடைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் தலைமதகு நுரையீரலுக்கும் உதரவிதானத்தை இயக்கும் நரம்புக்கும் பக்கத்தில் இருக்கிறது. இந்த முடிவின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

மாறுபாடுகளில் நமக்கு மிகவும் வேண்டியது மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு. தமிழில் அதைத் தசைத்தோல் நரம்பு என்றே இனி எழுதுகிறேன். வெளிநாணிலிருந்து பிறக்கும் அது, பாடநூல் சொல்வதன்படி, மேற்கையின் மேல்பகுதியில் உள்ள கோரக்கோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு சென்று, பைசெப்ஸுக்கும் பிரேக்கியாலிஸுக்கும் நடுவே இறங்கி, அம்மூன்று தசைகளையும் இயக்கி, முழங்கை மடிப்பருகே பைசெப்ஸ் தசைநாணின் வெளிப்பக்கமாக மேலே வந்து, முன்கையின் வெளிப்பக்கத் தோல்நரம்பாக மணிக்கட்டு வரை போகிறது. ஃபிஸ்டுலாவுக்குக் கத்தி படுவது இந்தக் கடைசிப் பகுதியின் எல்லைக்குள்தான். ரேடியல் நரம்பின் தோல்கிளையும் அதே இடத்தில் மேற்படிந்து பரவுகிறது. பதுவாவில் கற்பித்த ஜூலியோ காசேரியோவின் பெயரோடு சேர்த்து, அந்தத் தசையை ‘காசேரியோவின் துளைபட்ட தசை’ என்று பழைய உடற்கூறியல் நூல்கள் அழைத்தன. துளைபடுவதே அந்தத் தசையின் அடையாளம் என்னும் அளவுக்கு அந்த அமைப்பு வழக்கமானது. ஆனால் எல்லாக் கைகளிலும் அப்படி இல்லை.

1990-இல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் லெ மினோர் இந்த நரம்புக்கும் மீடியன் நரம்புக்கும் உள்ள உறவை ஐந்து வகைகளாகப் பிரித்தார். முதல் வகையில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை; பாடநூல் காட்டுவது அதைத்தான். இரண்டாம் வகையில் மீடியன் நரம்புக்கு உரிய இழைகள் சில, தசைத்தோல் நரம்போடு கூடவே பயணித்து, மேற்கையின் நடுவில் மீடியனோடு போய்ச் சேர்கின்றன. மூன்றாம் வகையில் வெளிநாணிலிருந்து வரும் மீடியனின் வெளிவேர் முழுவதுமே தசைத்தோல் நரம்பின் வழியாகச் சிறிது தூரம் வந்த பிறகு பிரிகிறது. நான்காம் வகை இதற்கு நேர்மாறானது. தசைத்தோல் நரம்பின் இழைகள் மீடியனோடு கலந்து இறங்கி, பின்னர்தான் தனி நரம்பாகக் கிளைக்கின்றன. ஐந்தாம் வகையில் தசைத்தோல் நரம்பு என்று தனியே ஒன்று இல்லவே இல்லை. அதன் வேலை அனைத்தையும் மீடியனே செய்கிறது, பைசெப்ஸுக்கான கிளைகளும் முன்கைத் தோலுக்கான கிளையும் அதிலிருந்தே புறப்படுகின்றன.

இவை அரிய விந்தைகள் அல்ல. 1998-இல் கிரேக்கத்தைச் சேர்ந்த வெனியராடோஸ், அனக்னோஸ்டோபூலூ இருவரும் 79 உடல்களின் இரு கைகளையும் ஆராய்ந்து, 22 கைகளில் இந்த இரு நரம்புகளுக்கும் இடையே இணைப்பு இருப்பதைக் கண்டனர். ஏறக்குறைய ஏழு கைக்கு ஒன்று. அவர்கள் கோரக்கோபிரேக்கியாலிஸ் தசையை அளவுகோலாக வைத்து, நரம்பு அதைத் துளைப்பதற்கு மேலே இணைப்பு அமைந்தவை 9, கீழே அமைந்தவை 10, தசையைத் துளைக்காமலே போனவை 3 எனப் பிரித்தனர். பிளாக் போடுகிறவருக்கு இந்தப் பிரிவினைதான் கூடுதலாகப் பயன்படுகிறது. இணைப்பு இருக்கிறதா என்பதைவிட, நாம் ஊசி போடும் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே அவர் அறிய வேண்டியது.

இத்தனை வகைகள் ஏன் தோன்றுகின்றன என்பதற்குக் கருவளர்ச்சியில் விளக்கம் இருக்கிறது. நான்காம் வாரத்தின் இறுதியில் கைமொட்டு தோன்றி, அடுத்த வாரத்தில் நரம்பிழைகள் அதற்குள் நுழையும்போது, முன்பக்கத் தசைகளுக்கான இழைகள் ஒரே கட்டாக வளர்ந்து, பின்னர்தான் தசைத்தோல், மீடியன், அல்நர் எனப் பிரிகின்றன. பிரியும் நேரமும் இடமும் சற்று மாறினால், ஒரு நரம்பின் இழைகள் மற்றொன்றின் உறைக்குள் சிறிது தூரம் பயணிப்பது இயல்பு. நாயின் முன்னங்காலில் தசைத்தோல் நரம்பிலிருந்து மீடியனுக்கு ஓர் இணைப்புக் கிளை செல்வது வழக்கமான அமைப்பாகவே இருக்கிறது. ஆகவே இவற்றைக் குறைபாடுகள் என்று எண்ண வேண்டியதில்லை. இந்தக் கைகள் எல்லா வேலையையும் குறையின்றிச் செய்பவை. இழை எந்த உறைக்குள் போகிறது என்பதில் மட்டுமே வேறுபாடு.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். எந்த முறையையும் மதிப்பிடுமுன் இந்த நோயாளியின் நிலையை மனத்தில் கொள்ள வேண்டும். உடலில் நீர் தேங்கி மூச்சுக்கு ஏற்கெனவே இடர் இருக்கலாம். யூரியா மிகுதியால் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாமலும் டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்கத் தரும் ஹெப்பாரினாலும் இரத்தக்கசிவு எளிதில் நிற்காமல் போகலாம். கழுத்திலோ காறையெலும்புக்குக் கீழேயோ டயாலிசிஸ் குழாய் செருகப்பட்டிருக்கலாம். கையிலுள்ள ஒவ்வொரு சிரையும் எதிர்காலத்துக்கான சேமிப்பு. நலமான இளைஞரின் முன்கை எலும்பு முறிவுக்குச் சரியாக இருக்கும் தேர்வு இவருக்கு அப்படியே பொருந்தாது.

வெட்டும் இடத்திலேயே மருந்து போடுவதுதான் எல்லாவற்றிலும் எளியது. கடைமடையின் கடைசி வயலையே நேரடியாக அடைப்பதால், மேலே நரம்பு எந்த வகையாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. உடற்கூறு மாறுபாடு என்ற ஒரே அளவுகோலை வைத்தால் வெல்வது இதுவே. ஆனால் ஃபிஸ்டுலா வெற்றி பெறுவதற்கு வலியின்மை மட்டும் போதாது. நரம்புகளோடு கூடவே வந்து இரத்தநாளங்களைச் சுருக்கி வைக்கும் சிம்பத்தெட்டிக் இழைகளும் மரக்கும்போது சிரைகளும் தமனிகளும் விரிகின்றன. தையல் போடும் வேளையில் அது பெரிய உதவி. கிளாஸ்கோவில் 126 நோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வில், மூன்று மாதங்களுக்குப் பிறகு ஃபிஸ்டுலா அடைபடாமல் இருந்தோர், நரம்புப் பின்னல் பிளாக் பெற்றவர்களில் 84 சதவீதம், வெட்டும் இடத்தில் மட்டும் மருந்து பெற்றவர்களில் 62 சதவீதம். மெல்லிய சிரையுள்ள ஒருவருக்கு, முதல் ஃபிஸ்டுலா வீணாகிவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத நிலையில், அந்த 22 சதவீதப் புள்ளி வேறுபாட்டை நான் சிறிதாக எண்ணவில்லை. எனவே நல்ல அகலமான சிரை இருந்து, நோயாளி பிளாக்கை விரும்பாவிட்டால் அல்லது அதற்குத் தடை இருந்தால் மட்டுமே இந்த எளிய வழியை முதல் தேர்வாகக் கொள்வேன்.

கழுத்தில் ஸ்கேலீன் தசைகளுக்கு இடையே போடும் பிளாக்கை இங்கே நீண்ட ஆய்வின்றி ஒதுக்கிவிடலாம். அது தோளுக்கானது, கையின் உட்பக்கத்துக்குச் செல்லும் கீழ்வேர்கள் அதில் அடிக்கடி தப்பிவிடுகின்றன, வழக்கமான மருந்தளவில் ஒரு பக்க உதரவிதானம் ஏறக்குறைய எல்லோருக்கும் செயலிழக்கிறது.

தலைமதகு என்று நான் சொன்னது சூப்பராகிளாவிக்குலர் பிளாக்கைத்தான். 1911-இல் ஜெர்மானிய மருத்துவர் குலென்காம்ப்ஃப் முதலில் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து வெளியிட்ட முறை இது. முதல் விலா எலும்பின் மேல், சப்கிளேவியன் தமனியின் அருகே, தண்டுகளும் பிரிவுகளும் ஒரு கைப்பிடி அளவுக்குள் நெருங்கி நிற்கின்றன. தசைத்தோல் நரம்பு எந்த வகையாக இருந்தாலும், தனியே இருந்தாலும் மீடியனுக்குள் ஒளிந்திருந்தாலும், அதன் இழைகள் இந்த இடத்தைக் கடந்தே ஆக வேண்டும். லெ மினோரின் ஐந்து வகைகளும் இந்த ஓர் ஊசிக்கு முன் வேறுபாடின்றிப் போய்விடுகின்றன. இம்முறையின் பெரும் வலிமை அது. விரைவில் மரப்பதும் முழுமையாக மரப்பதும் அதனால்தான்.

ஆயினும் தலைமதகுக்கும் தனக்கென மாறுபாடுகள் உண்டு. 1918-இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஏப்ரம் கெர் 175 நரம்புப் பின்னல்களைப் பிரித்துப் பார்த்து எழுதியபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் கழுத்தின் நான்காம் நரம்பிலிருந்தும் ஒரு கிளை வந்து சேர்வதைக் கண்டார். ஐந்தாம், ஆறாம் வேர்கள் இரு ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே வராமல், முன்தசையைத் துளைத்துக்கொண்டோ அதன் முன்புறமாகவோ வருவதும் அரிதல்ல. அப்போது மேல்தண்டு மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும். கழுத்து விலா எலும்பு உள்ள சிலரில் முழு அமைப்பும் மேலே தூக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டிச் செல்லும் டார்சல் ஸ்கேப்புலர் தமனி நரம்புத் தண்டுகளின் நடுவே புகுந்து போவது. அல்ட்ராசவுண்ட் படத்தில் அதன் குறுக்குவெட்டு நரம்பின் குறுக்குவெட்டைப் போலவே கரிய வட்டமாகத் தெரியும். இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வண்ண டாப்ளர் போட்டுப் பார்க்காமல் ஊசியைச் செலுத்தினால், இரத்தக்கசிவு எளிதில் நிற்காத நோயாளியின் தமனியிலேயே குத்திவிடுவோம். கீழ்த்தண்டு தமனிக்கும் விலாவுக்கும் இடையிலான மூலையில் ஒதுங்கியிருப்பதால் சுண்டுவிரல் பக்கம் தப்புவதும் உண்டு; மணிக்கட்டு ஃபிஸ்டுலாவுக்கு அது பெரிய இழப்பன்று.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. கண்ணால் காணாமல் இந்த பிளாக்கைப் போட்ட காலத்தில் நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்த நிகழ்வுகள் நூற்றுக்கு 0.5 முதல் 6 வரை எனப் பாடநூல்கள் எழுதின. அல்ட்ராசவுண்ட் வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. 2009-இல் கனடாவிலிருந்து வெளியான 510 நோயாளிகளின் தொடரில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஆனால் உதரவிதானச் சிக்கல் அப்படிக் குறைந்துவிடவில்லை. புதுச்சேரியில் நடந்து 2019-இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வு ஒன்றில், சூப்பராகிளாவிக்குலர் பிளாக் பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கு அந்தப் பக்க உதரவிதானம் தளர்ந்தது. நலமானவர் அதை உணராமலே இருந்துவிடுவார். நுரையீரலில் நீர் கோத்து, மல்லாந்து படுக்கவே திணறும் சிறுநீரக நோயாளிக்கு ஒரு பக்க உதரவிதானம் நின்றுபோவது அறுவையை நடுவில் நிறுத்தும் அளவுக்குப் போகலாம். அறுவை சிறியது என்பதால்தான், அதற்காக இந்த விலையைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

காறையெலும்புக்குக் கீழே போடும் இன்ஃப்ராகிளாவிக்குலர் பிளாக் இடைப்பட்ட வழி. அங்கே மூன்று நாண்களும் அக்குள் தமனியைச் சுற்றி நிற்கின்றன. தசைத்தோல் நரம்பு பெரும்பாலும் இதற்குக் கீழேதான் பிரிகிறது; ஆகவே அதன் மாறுபாடுகள் இங்கும் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. ஆனால் நாண்களே தம் பெயருக்கேற்ற இடத்தில் இருப்பதில்லை. வெளிநாண், உள்நாண், பின்நாண் என்ற பெயர்கள் தமனியை ஒட்டிய அவற்றின் நிலையைக் குறிப்பவை. படத்தில் பார்த்தாலோ உள்நாண் தமனிக்குப் பின்னாலோ தமனிக்கும் சிரைக்கும் நடுவிலோ ஒதுங்கியிருப்பதைக் காண்கிறோம். அதனால்தான் நாண்களைத் தனித்தனியே தேடாமல், தமனியின் பின்புறத்தில் மருந்தை வைத்து அது இருபுறமும் பரவுவதைப் பார்ப்பது வழக்கமாயிற்று.

இதன் புதிய வடிவம், 2015-இல் ஹாங்காங்கிலிருந்து கார்மாகரும் உடன் பணியாற்றியோரும் விவரித்த காஸ்டோகிளாவிக்குலர் பிளாக். காறையெலும்புக்கு உடனே கீழே, முதல் விலாவுக்கு முன்னால், மூன்று நாண்களும் தமனியின் வெளிப்பக்கத்தில் ஒரே கொத்தாக நிற்கின்றன. இந்த நெருக்கம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. மேலே சொன்ன புதுச்சேரி ஆய்வில் இந்த பிளாக் பெற்ற குழுவில் உதரவிதானம் தளர்ந்தோர் 5 சதவீதம் மட்டுமே. தலைமதகின் முழுமையும் மூச்சுக்குப் பாதுகாப்பும் ஓரளவு ஒருங்கே கிடைக்கும் இடம் என்பதால், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதையே தேர்வு செய்யத் தோன்றும். என் தயக்கம் இரத்தக்கசிவு பற்றியது. காறையெலும்புக்குக் கீழே ஆழத்தில் தமனியோ சிரையோ துளைபட்டால் விரலால் அழுத்தி நிறுத்த இடமில்லை. அதே பக்கத்தில் டயாலிசிஸ் குழாய் இருந்தால் அல்ட்ராசவுண்ட் கருவியை வைக்கவே இடம் கிடைக்காது. செஃபாலிக் சிரை ஆழத்துக்கு இறங்கிச் சேர்வதும் இந்த வட்டாரத்தில்தான். ஆகவே இதை இரண்டாம் தேர்வாக வைக்கிறேன். கையைத் தோளிலிருந்து விரிக்க முடியாதவர்களுக்கு இதுவே முதல் தேர்வு.

அக்குள் பிளாக்கில்தான் மாறுபாடுகள் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. 1911-இல் ஹிர்ஷெல் தோல்வழியாக முதலில் செய்த காலத்திலிருந்தே, இதன் தோல்வி என்றால் அது பெரும்பாலும் தசைத்தோல் நரம்பின் தப்பித்தல்தான். அக்குள் தமனியைச் சுற்றியுள்ள உறையை மருந்தால் நிரப்பி, அந்நரம்பு பிரியும் இடம் வரை மேலே தள்ள வேண்டும் என்று கருதிய டி ஜாங், 1961-இல் அதற்கு 42 மில்லிலிட்டர் தேவை எனக் கணக்கிட்டார். இன்று சிறுநீரக நோயாளி ஒருவருக்கு அவ்வளவு மருந்தைப் போட நான் துணிய மாட்டேன். 1983-இல் தாம்சனும் ரோரியும் அந்த உறை ஒரே குழாயன்று, உள்ளே தடுப்புச் சவ்வுகள் உள்ளன என்று காட்டியபோது, அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் எல்லா நரம்புகளையும் எட்டிவிட முடியாது என்பதும் புரிந்தது. நரம்புகளைத் தனித்தனியே தேடிச் செல்வதே வழி என்றானது.

தேடும் கண் கிடைத்தபின்புதான் இங்கே நிலைமை மாறியது. 2001-இல் வியன்னாவைச் சேர்ந்த ரெட்ஸல் குழுவினர் 69 தன்னார்வலர்களின் அக்குளை அல்ட்ராசவுண்டில் பார்த்து, மீடியன், அல்நர், ரேடியல் நரம்புகள் தமனியைச் சுற்றி நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதையும், கருவியைச் சற்று அழுத்தினாலே அவை இடம்பெயர்வதையும் காட்டினர். கடிகார முகத்தில் இந்த மணியில் இந்த நரம்பு என்று மனப்பாடம் செய்து ஊசி போடுவதில் பயனில்லை என்பதே அதன் பொருள். தமனிக்குப் பின்னால் ஒலியலை வலுப்பட்டுத் தோன்றும் வெண்மையை ரேடியல் நரம்பு என்று நம்பி ஏமாறுவது பயிற்சியாளர்களிடம் அடிக்கடி காணும் பிழை. லாட்டிசிமஸ் டார்சை, டெரஸ் மேஜர் தசைகளின் கூட்டுத் தசைநாணை அடையாளமாகக் கொண்டு அதன் மேல் தேடினால் உண்மையான ரேடியல் நரம்பு கிடைக்கும்.

தசைத்தோல் நரம்பைத் தேடும் முறையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முடிவே அதைப் பொறுத்திருக்கிறது. கருவியை அக்குள் மடிப்பில் வைத்து, பைசெப்ஸுக்கும் கோரக்கோபிரேக்கியாலிஸுக்கும் நடுவே பார்த்தால், வழக்கமான அமைப்பில் தட்டையான அல்லது முக்கோண வடிவிலான வெண்புள்ளித் திரளாக நரம்பு தெரியும். தெரிந்தாலும் உடனே ஊசியை எடுக்கக் கூடாது. கருவியை மேற்கையின் நடுவரை மெல்ல இறக்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். இயல்பான நரம்பு இறங்க இறங்கத் தமனியைவிட்டு வெளிப்புறமாக விலகிச் செல்லும். விலகிய நரம்பிலிருந்து ஒரு கிளை திரும்பி வந்து மீடியனோடு சேர்வதைக் கண்டால் அது இரண்டாம் அல்லது மூன்றாம் வகை. தசைத்தோல் நரம்பை விட்டுவிட்டு மீடியனை மட்டும் அக்குளில் மரக்கச் செய்தால், திரும்பி வரும் அந்த இழைகள் தப்பித்து, உள்ளங்கையில் விட்டுவிட்டு உணர்வு மிஞ்சும். இரண்டையும் மரக்கச் செய்தால் இந்த வகைகள் தொல்லை தருவதில்லை. தசைகளுக்கு நடுவே எதுவும் தெரியாமல், மீடியன் மட்டும் வழக்கத்தைவிடப் பருமனாக இருந்து, கீழே போகப் போக அதிலிருந்து ஒன்று பிரிந்தால் நான்காம் வகை. பெரிய கிளையாக எதுவும் பிரியாமல் சிறு கிளைகளாகப் பைசெப்ஸுக்குள் போனால் ஐந்தாம் வகை. இவ்விரண்டிலும் மீடியனைச் சுற்றிப் போடும் மருந்தே போதும். தசைக்குள் குருட்டாம்போக்கில் கூடுதலாகப் போடும் 5 மில்லிலிட்டர் வீண் மட்டுமல்ல, இந்த நோயாளிக்கு வேண்டாத சுமை. என் முதியவருக்கு நேர்ந்ததுபோல் நரம்பு தசையைத் துளைக்காமல் முன்னே ஒதுங்கிப் போனால், கீழிருந்து மேலே ஏற்றிப் பார்க்கும்போதுதான் அது பிடிபடும்.

நரம்பைச் சிறு மின்னோட்டத்தால் தூண்டித் தசை அசைவைப் பார்க்கும் நரம்புத் தூண்டல் கருவியை மட்டும் நம்பியிருந்த காலத்தில் இதே மாறுபாடுகள் எப்படிக் குழப்பியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். முழங்கை மடங்கினால் தசைத்தோல் நரம்பு, விரல்கள் மடங்கினால் மீடியன் என்பது விதி. ஐந்தாம் வகைக் கையில் மீடியனைத் தொட்டாலே முழங்கை மடங்கும். மருத்துவர் அதைத் தசைத்தோல் நரம்பென்று எண்ணி, மீடியனைத் தேடி ஊசியை வேறெங்கோ நகர்த்துவார்.

அக்குளில் வேறொரு நன்மையும் கிடைக்கிறது. மேற்கையில் நரம்பு மாறுபாடும் தமனி மாறுபாடும் சேர்ந்தே வருவதுண்டு. ரேடியல் தமனி முழங்கைக்குக் கீழே பிரியாமல் அக்குளிலோ மேற்கையிலோ பிரிந்துவிடுவது அவற்றுள் அடிக்கடி காண்பது. நரம்பைத் தேடும்போது ஒரு தமனிக்குப் பதில் இரண்டு துடிப்பதைக் கண்டால், அதை அறுவை மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். அவர் ஃபிஸ்டுலாவுக்கு நம்பியிருக்கும் தமனியின் அளவும் அதன் வழியும் மாறியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, மணிக்கட்டு ஃபிஸ்டுலாவுக்கு நான் தேர்ந்தெடுப்பது அல்ட்ராசவுண்ட் துணையோடு போடும் அக்குள் பிளாக்கையே. மாறுபாடுகள் மிகுதியாக இருக்கும் இடத்தையே தேர்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் அக்குளில் மாறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது; தெரியாமல் தப்பினாலும் அதன் விளைவு ஒரு சிறு தோல்பரப்பு மரக்காமல் போவதோடு முடிகிறது; அதைக் கீழே இன்னோர் இடத்தில் சரிசெய்யலாம். தமனி துளைபட்டால் விரலால் அழுத்தி நிறுத்தலாம். உதரவிதானம் தொடப்படுவதே இல்லை. காறையெலும்புக்கு மேலே நேரும் பிழையையோ இவ்வாறு திருத்திக்கொள்ள வழியில்லை. இந்தத் தேர்வுக்கு இரண்டு முன்நிபந்தனைகள் உண்டு: கையைத் தோளிலிருந்து விரிக்க முடிய வேண்டும்; பிளாக் போடுகிறவருக்கு மேற்கை முழுவதையும் ஏற்றி இறக்கிப் பார்க்கும் பொறுமை வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால், நாண்கள் கொத்தாக நிற்கும் காஸ்டோகிளாவிக்குலர் வழி மேலானது.

போட்டு முடித்தபின் சோதிப்பதிலும் மாறுபாடுகளை நினைவில் வைக்க வேண்டும். முழங்கையை நீட்டித் தள்ளச் சொல்வது ரேடியலுக்கு, மடக்கி இழுக்கச் சொல்வது தசைத்தோல் நரம்புக்கு, ஆள்காட்டி விரலைக் கிள்ளுவது மீடியனுக்கு, சுண்டுவிரலைக் கிள்ளுவது அல்நருக்கு என நான்கு சோதனைகள் வழக்கத்தில் உள்ளன. முழங்கையை மடக்குவதில் ரேடியல் நரம்பு இயக்கும் பிரேக்கியோரேடியாலிஸ் தசைக்கும் பங்கிருப்பதால், மடக்கும் வலு சற்று மிஞ்சியிருப்பதை வைத்து மட்டும் தசைத்தோல் நரம்பு தப்பியது என்று முடிவுகட்டக் கூடாது. வெட்டவிருக்கும் கோட்டின் மேலேயே ஊசிமுனையால் தொட்டுப் பார்ப்பதுதான் இந்த அறுவைக்குச் சரியான சோதனை. அங்கே உணர்வு இருந்தால், முழங்கை மடிப்பில் பைசெப்ஸ் தசைநாணின் வெளிப்பக்கத்தில் முன்கைத் தோல்நரம்பைத் தேடி இரண்டு மூன்று மில்லிலிட்டர் போடலாம். ஆனால் செஃபாலிக் சிரை அதனருகிலேயே ஓடுகிறது; அடுத்த ஃபிஸ்டுலாவுக்கான சிரை அது. கருவியை அழுத்தாமல் சிரை திறந்திருக்கும்படி பிடித்து ஊசியைச் செலுத்த முடியாவிட்டால், அறுவை மருத்துவரையே வெட்டும் இடத்தில் மருந்து போடச் சொல்வது மேல். மற்ற நரம்புகள் மரத்திருப்பதால் இரத்தநாளங்கள் விரிந்தேதான் இருக்கும்.

மணிக்கட்டில் சிரை கிடைக்காமல், மேற்கையின் உட்புறத்தில் பசிலிக் சிரையை இடம்மாற்றி ஃபிஸ்டுலா அமைக்க வேண்டிவந்தால் முடிவு மாறும். கத்தி அப்போது அக்குளை நெருங்கிப் போகிறது. அக்குளில் மருந்து நிற்கும் இடமே அறுவைக்களமாகிவிடுகிறது. காஸ்டோகிளாவிக்குலர் பிளாக்கை அங்கே முதலிடத்துக்குக் கொண்டுவருவேன். ஆனால் மேற்கை உட்புறத்தின் மேல்பகுதித் தோலுக்கு மார்பின் இரண்டாம் நரம்பிலிருந்து வரும் இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பும் உணர்வு தருகிறது. அது நரம்புப் பின்னலைச் சேர்ந்ததே அல்ல, எந்த பிளாக்கிலும் மரக்காது. அதன் பரப்பும் ஆளுக்கு ஆள் மாறும். பின்னலிலிருந்து வரும் சிறு தோல்நரம்போடு இணைந்து, சிலரில் முழங்கை அருகு வரை இறங்குகிறது. அக்குளின் உட்புறத் தோலுக்கடியில் ஒரு வரிசையாக மருந்து போட்டு அதைத் தனியே மரக்கச் செய்தாக வேண்டும்.

அறுவை முடிந்ததும் நான் செய்துவரும் வேலை ஒன்று உண்டு. இந்தக் கையில் தசைத்தோல் நரம்பு எப்படிப் போகிறது, மீடியனோடு இணைப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது, தமனி எங்கே பிரிகிறது என்பதை நோயாளியின் கோப்பில் சிறு படமாக வரைந்து, இடது வலது குறிப்பிட்டு வைக்கிறேன். ஒரு கையில் உள்ள அமைப்பு மறுகையிலும் இருக்கும் என்று கொள்ள முடியாது. கிரேக்க ஆய்வில் இணைப்பு இருந்த 16 பேரில் 10 பேருக்கு அது ஒரே கையில்தான் இருந்தது. டயாலிசிஸில் இருப்பவர் இதே கைக்கோ மறுகைக்கோ மீண்டும் அறுவை அறைக்கு வருவார்; அன்று பிளாக் போடுகிறவர் வேறொருவராக இருப்பார்.